உலைக்குப் போன கயிலாசம்

எண்பதுகளின் தொடக்கத்தில், டெல்லியில், நிலக்கரியை வாயுவாக மாற்றுவதுதான் என் உத்தியோகம். இதை யாரிடம் சொன்னாலும், "அப்போ உங்க வீட்டுக்கு கேஸ் கனெக்‌ஷன் சுலபமா கிடைச்சிருக்குமே!" என்பார்கள். எங்கே! பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். பகலெல்லாம் ஆபீசில் கேஸ் தயாரித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் ஸ்டவ் அடைப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தவள் நான். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து உறவெல்லாம் சொல்லும். அந்த ஸ்டவ்வை ஒரு வாரம் பற்றவைத்துவிட்டு வந்து பேசட்டும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், சுருக்கமாகத்தான். நிலக்கரியை முழுசாக எரியவிட்டால் சூடு கிடைக்கும், சாம்பல் மிஞ்சும், அவ்வளவுதான். போதுமான காற்றைக் கொடுக்காமல் அரைகுறையாக எரியவிட்டு, கூடவே நீராவியையும் செலுத்தினால் வாயு கிளம்பும். அதை அடுப்பில் எரிக்கலாம். அதிலிருந்து உரம் செய்யலாம், ரசாயனங்கள் செய்யலாம், இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டால் பெட்ரோல்கூடச் செய்யலாம். வெளிநாட்டு எண்ணெய் விலை ஏறிய நாளிலிருந்து எங்கள் டைரக்டருக்கு இதே பேச்சு. தகரக் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை வைத்திருந்தோம். மேலே கரியைப் போட வேண்டும். பக்கவாட்டுக் குழாயின் முனையில் வாயு தீயாக எரிய வேண்டும். எரிந்தால் நாங்கள் விஞ்ஞானிகள். அணைந்தால் தண்டச் சம்பளக்காரர்கள்.

எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தபோது, பெண்பிள்ளை கரியில் கையை வைத்து என்ன கிழிக்கப் போகிறாள் என்று என்னை லைப்ரரியில் உட்காரவைத்தார்கள். இரண்டு வருஷம் கத்திரிக்கோலும் பசையுமாக வெளிநாட்டுக் கட்டுரைச் சுருக்கங்களை வெட்டி ஒட்டினேன். பிறகு உலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் பறந்தார். வேறு ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். அதுவும் தற்காலிகமாக.

அந்த வருஷம் புரட்டாசியில், தெற்கேயிருந்து வந்த பழுப்பு நிலக்கரியைச் சோதிக்க வேண்டியிருந்தது. அதைப் பார்க்க, அந்தக் கரி வெட்டுகிற மாநிலத்திலிருந்து ஒரு கமிட்டி வருவதாக ஏற்பாடு. டைரக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் வங்காளி, ஆங்கிலத்தில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார். நான் தமிழில் சொல்கிறேன். "கமிட்டி முன்னால் தீ பத்து நிமிஷம் நின்று எரிந்தால் அடுத்த பெரிய உலை உன்னுடையது, வேலையும் நிரந்தரம். இல்லையென்றால் லைப்ரரியில் உன் நாற்காலி அப்படியே இருக்கிறது" என்றார்.

வந்த கரி இரண்டு சாக்கு. முதல் சாக்கைக் கொட்டகையில் வைத்துச் சோதித்தோம். டெல்லியின் வறண்ட காற்றில் அந்தக் கரி பொலபொலவென்று உதிர்ந்து தூளாகிவிட்டது. தூள் உலையை அடைத்துக்கொண்டதும் மூன்றாவது நிமிஷம் தீ அணைந்தது. எரிந்த அந்த மூன்று நிமிஷமும் அழுகின முட்டை நாற்றம். கரியில் கந்தகம் அதிகம், அதனால்தான். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் முழுக்க அன்றைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனது.

மிச்சம் ஒரே சாக்கு. அதைக் கொட்டகையில் விடவும் பயம். போன குளிர்காலத்தில் காவல்கார சௌகிதார் ஒரு சாம்பிள் மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கீட்டிக் கணப்பில் போட்டுக் குளிர்காய்ந்திருந்தான். கேட்டால், "கோயலா ஹை, மேடம்ஜி, ஜலேகா ஹீ" என்றான். கரி என்றால் எரியத்தானே செய்யும் என்கிறான்! அவனோடு எத்தனை நேரம் மல்லுக்கட்டுவது? சாம்பிளை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறது. தெரியும். தெரிந்தேதான் பதிவேட்டில் 'பத்திரமாக வைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாக்கை ஓர் ஆட்டோவில் ஏற்றி ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து பால்கனி மூலையில் வைத்தேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இத மட்டும் தொட்டுராதிய" என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

என் வீட்டுக்காரர் ஓர் அமைச்சகத்தில் யு.டி.சி. குமாஸ்தா. சாதுவான மனுஷர். கோப்பில் யாராவது கமா தவறாகப் போட்டால்கூட அவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஆனால் நவராத்திரி வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். எங்கள் வீட்டில் கொலு வைப்பது அவர்தான். எனக்குப் பொம்மையைத் துடைக்கக்கூடப் பொறுமை கிடையாது. காலனித் தமிழ்ச் சங்கம் சிறந்த கொலுவுக்கு ஓர் எவர்சில்வர் குடம் பரிசு கொடுக்கும். இரண்டு வருஷமாக அந்தக் குடம் கீழ்வீட்டுத் தஞ்சாவூர் மாமிக்குத்தான் போயிற்று. மாமி வீட்டுக் கொலுவில் சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில் உண்டு. இரண்டு வருஷமும் என் வீட்டுக்காரருக்கு இரண்டாமிடம். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் மாமி தண்ணீர் பிடிக்கும்போது அந்தக் குடம் குழாயடியில் கணீர் என்று சத்தம் போடும். இவர் செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டுவார்.

அந்த வருஷம் படிகளுக்குப் பக்கத்தில் கயிலாச மலை கட்டினார். மகாளய அமாவாசையன்று நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் மலை எழும்பிவிட்டது. உச்சியில் சிவனும் பார்வதியும். சரிவெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பனி. அடிவாரத்தில் கடுகு தூவி முளைக்க விட்டிருந்தார். பழைய முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்தால் மானசரோவர். கொசுமருந்து அடிக்கிற பம்பைக் கழுவி, காலையும் மாலையும் கடுகுக்குத் தண்ணீர் பீய்ச்சுவார். அப்படியே உச்சிக்கு ஒரு தடவை சுண்ணாம்புத் தண்ணீரும் அடிப்பார். "இந்த வருசம் மலை நெசமா மலை மாதிரியே இருக்குங்க" என்று நான் வேறு பாராட்டினேன். அவருக்கு முகமெல்லாம் பல்.

கமிட்டி அஷ்டமியன்று காலையில் வருவதாக முடிவாயிற்று. கொலு நடுவர்களும் அன்றைக்கே சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகச் சீட்டு வந்திருந்தது. சப்தமியன்று சாயங்காலம், மறுநாளைக்குத் தயாராக இருக்கட்டும் என்று பால்கனிக்குப் போய்ச் சாக்கைப் பிரித்தேன். உள்ளே செங்கல். போன வருஷம் அவர் கொலுவுக்கு மலை கட்டிய அதே செங்கல்.

"ஏங்க, இதுல இருந்த கரி எங்க?"

அவர் ஸ்டூல் மேல் நின்று பனி அடித்துக்கொண்டிருந்தார். "எந்தக் கரி?"

"விளையாடாதிய. தொடாதியன்னு மூணு மட்டம் சொன்னேனே, அந்தக் கரி."

"அது எங்கயும் போவல. இங்கதான் இருக்கு."

"இங்கன்னா எங்க?"

கையிலிருந்த பம்பை நீட்டிக் கயிலாசத்தைக் காட்டினார்.

"நல்லாருக்கு! ரொம்ப நல்லாருக்கு! கவர்மென்ட் சாம்பிளுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கடுகு வெதச்சு, அதுக்கு மேல சாமியவும் உக்கார வச்சுருக்கிய! ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"ஏட்டி, கத்தாத. கீழ மாமிக்குக் கேக்கும்" என்றார், இறங்காமலேயே. "செங்கல்ல கட்டினா நடுவர் அம்மா என்ன சொன்னா தெரியுமா? மலை பாக்கதுக்கு குவார்ட்டர்ஸ் மாதிரி இருக்காம். அதான். நான் என்ன எரிக்கவா செஞ்சேன்? பத்து நாள் இரவல் வாங்கியிருக்கேன். விஜயதசமி முடிஞ்சதும் ஒரு துண்டு கொறையாம சாக்குல போட்டுருவேன். எரிக்கப் போறது நீ. என்னயப் போயி வையுத!"

நியாயம் அவர் பக்கம் இருப்பது போல எனக்கே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அந்த எரிச்சலில் இன்னும் கத்தினேன். கத்தி முடித்ததும் தரையிலேயே உட்கார்ந்தேன். "நாளைக்குக் காலைல கமிட்டி வருது. கரி இல்லன்னா திரும்பவும் லைப்ரரிதான். கத்திரிக்கோலும் பசையுந்தான். என்னால இனிமே முடியாதுங்க" என்றேன்.

அவர் மெதுவாக இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். "கொலு வச்சா நடுவுல கலைக்கக் கூடாதுல்லா" என்றார். யாரையும் குற்றம் சொல்லாமல், பொதுவாகச் சொல்வது போல.

"தெரியும்."

"நாளைக்கு நாலு மணிக்கு அவங்க வாராங்க."

"அதுவும் தெரியும்."

அவர் பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தவில்லை. ஆறிப்போயிருந்த காப்பியை முழுக்கக் குடித்தார். எழுந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிவனையும் பார்வதியையும் இரண்டு கையாலும் எடுத்து, பிரஷர் குக்கர் வாங்கின அட்டைப்பெட்டியின் மேல் உட்காரவைத்தார். பிறகு மலையை அவரே கலைத்தார். என்னைத் தொட விடவில்லை. நான் பழைய டூத்பிரஷ்ஷை எடுத்துச் சுண்ணாம்பைத் தேய்த்துப் பார்த்தேன். ஏழு நாளாக ஊறிய சுண்ணாம்பு, அசையவேயில்லை. கடுகு வேரைப் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். சாக்கைக் கட்டும்போது, "எரியுமாட்டி?" என்று கேட்டார். எரியும் என்றேன். எனக்கு நம்பிக்கை துளிகூட இல்லை.

மறுநாள் டைரக்டர் பட்டு ஜிப்பாவோடு வந்திருந்தார். அஷ்டமியன்று துர்க்கை பந்தலில் புஷ்பாஞ்சலி செய்கிறவரை வங்காளிகள் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லையாம். அன்றைக்குப் பார்த்து கமிட்டி வைத்தவர்களை மூன்று மொழிகளில் திட்டிக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர்களோ சாணக்யபுரி கெஸ்ட் ஹவுசில் இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்தார்கள். நான் சாக்கைப் பிரித்ததும், உலையில் கரி போடுகிற ஆள், "மேடம்ஜி, யே சஃபேத் கோயலா?" என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டார். வெள்ளைக் கரியை அவர் ஜன்மத்தில் பார்த்ததில்லை. "ஜல்தி டாலோ", சீக்கிரம் போடு என்று அதட்டினேன். கேள்வி கேட்க நேரம் கொடுத்தால் ஆபத்து.

குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டினேன். பக்கென்று பிடித்தது. மூன்றாவது நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தீ அணையவில்லை. ஐந்து, பத்து, இருபது நிமிஷம் நீலமாக நின்று எரிந்தது. நாற்றமா? மூக்கில் கைக்குட்டையோடு வந்த அக்கவுண்ட்ஸ்காரர்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டு மோந்து பார்த்தார்கள். கமிட்டியில் ஒரு பெரியவர், "எங்க ஊர்க் கரி நாறாம எரிஞ்சு நான் பார்த்ததே இல்லியேம்மா. என்ன பண்ணினீங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டுவிட்டது. படித்த பாடம்தான்; நேரத்துக்கு நினைவு வரவில்லை. "சுண்ணாம்பு சார்" என்றேன். எத்தனை நாள் ஊறவைத்தீர்கள் என்றார். ஏழு நாள் என்றேன். பொய்யில்லையே! எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் டைரக்டர் அறைக்குக் கூப்பிட்டு, செய்முறையை விவரமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஏன் ஏழு நாள், ஆறு போதாதா, எட்டு கூடாதா என்று கேட்டார். சமாளித்திருக்கலாம். எனக்குக் கோபம் வருகிற அளவுக்குப் பொய் வராது. கொட்டிவிட்டேன். சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுபோனது, செங்கல், பம்பு, கடுகு, எல்லாவற்றையும்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கைலாஷ்? மகாதேவ் இருக்கும் கைலாஷ்?"

"ஆமாம் சார்."

"சிவனும் பார்வதியும் மேலே இருந்தார்களா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் சார்."

"அதாவது, என் துர்க்கா அம்மாவின் புகுந்த வீட்டை என் உலையில் போட்டு எரித்திருக்கிறாய். அதுவும் அஷ்டமியன்று. அதுவும் நான் பட்டினி கிடக்கும்போது."

தீர்ந்தது என்று நினைத்தேன். பசை டப்பாவின் வாசனையே மூக்கில் வந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

"நல்லவேளை. அம்மா இந்த நாலு நாளும் இங்கே பிறந்த வீட்டில், பந்தலில் இருக்கிறாள். அங்கே வீடு காலி. தசமியன்றுதான் திரும்பிப் போவாள். அதற்குள் உன் புருஷன் அதைத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் என் முன்னால் வராதே" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சாம்பிளை வெளியே கொண்டுபோனதற்கு மெமோ உண்டு. அது வேறு விஷயம்" என்றார்.

கட்டக் கல் வேண்டுமே! உலையின் அடியில் சாம்பல் உருகி இறுகிக் கட்டிகட்டியாகக் கிடக்கும். மேடும் பள்ளமுமாக, நிஜப் பாறை மாதிரியே இருக்கும். யாருக்கும் வேண்டாத குப்பைதான். டைரக்டரே ஒரு சீட்டில் அனுமதி எழுதிக் கொடுத்தார். சௌகிதார் ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கட்டினான். "யே தோ ஜலேகா நஹி, மேடம்ஜி" என்று, அதாவது இது எரியாதே என்று, எனக்காக வருத்தப்பட்டான்.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறு. படிக்கட்டிலேயே கீழ்வீட்டு மாமி பிடித்துக்கொண்டாள். "ஏண்டிம்மா, உங்காத்துக்காரர் என்ன மனுஷன்! நடுவர் வந்து, கயிலாசம்னு எழுதி வெச்சிருக்கேள், மலை எங்கேன்னு கேட்டா. அவர் கொஞ்சங்கூடச் சிரிக்காம, 'ஆபீஸ் வேலையா டூர்ல போயிருக்கு'ன்னார். சிவனும் பார்வதியும் குக்கர் பெட்டி மேல உக்காந்துண்டிருக்கா. எல்லாரும் சிரிச்சுட்டா. நேக்குத்தான் மனசு கேக்கலை" என்றாள். குடம் மூன்றாவது வருஷமும் மாமிக்குத்தான்.

சாக்கைப் படியில் இறக்கிவைத்துவிட்டு நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேர் முன்னால் ஒற்றை ஆளாக அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாரே. நான் கத்தின கத்தலில் ஒரு வார்த்தையையாவது திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? மாமி பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் குடத்துத் தண்ணீர்தான்.

மேலே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. இருபது நிமிசம்."

"நாத்தம்?"

"இல்ல. ஒங்க சுண்ணாம்புதாங்க காரணம்."

நவமியன்று காலையில், சரஸ்வதி பூஜைக்கு முன்னால், இரண்டு பேருமாக மலையை மறுபடி கட்டினோம். அப்போது அவர் ஒரு கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நாத்தம் போனதுக்குச் சுண்ணாம்பு, சரி. மொதச் சாக்கு தூளாப் போயி அணஞ்சுதுன்னியே, ரெண்டாவது சாக்கு ஏன் தூளாவல?" என்று கேட்டார்.

நான் கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்தேன். அவரே, "கடுகுக்கு நான் தினம் ரெண்டு வேளை தண்ணி அடிச்சேம்லா. கரி காயவே இல்லியே" என்றார்.

எம்.எஸ்ஸி. படித்தவள் நான். யு.டி.சி. அவர். அன்றைக்கே உட்கார்ந்து, 'ஏழு நாளும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று செய்முறையில் ஒரு வரி சேர்த்தேன். கடுகை மட்டும் எழுதவில்லை.

விடுமுறை முடிந்து ஆபீஸ் போனதும் டைரக்டர், "வீடு கட்டியாச்சா?" என்றார். ஆச்சு சார், தசமிக்கு முந்தின நாளே என்றேன். ஒரே உறையில் மெமோவும் இருந்தது, நிரந்தர உத்தரவும் இருந்தது. சாயங்காலம் இரண்டையும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மெமோவை ஓரமாக வைத்துவிட்டு உத்தரவை இரண்டு தடவை படித்தார். ஒரு கமா தவறாக இருந்ததைக்கூடச் சொல்லவில்லை. அழகாக மடித்துக் கொடுத்தார்.

"அடுத்த வருசம் நான் திருச்செந்தூர் கட்டப் போறேன்" என்றார்.

"ஏன், மலைக்கு என்ன?"

"அது கடற்கரைல்லா. மணல் போதும். கரி வேண்டாம். ஒனக்கும் எடஞ்சல் இல்ல பாரு."

இரண்டு வருஷமாக அவர் மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்த மலை அது. எனக்குச் சுருக்கென்றது. "கடலும் வேண்டாம், மணலும் வேண்டாம். மலைதான் கட்டணும்" என்று கத்தினேன். மெதுவாகச் சொல்ல எனக்கு எப்போது வந்திருக்கிறது? "கீழ மாமிக்குக் கேக்கும்ட்டி" என்றார் அவர். "கேக்கட்டும். பெரிய உலை வருது. அதுலேர்ந்து எவ்வளவு கட்டி வேணும்னாலும் நான் கொண்டாந்து தாரேன். நீங்க கட்டுங்க" என்றேன்.

அடுத்த வருஷமும் எங்கள் வீட்டில் மலைதான். கல் கொண்டுவந்தது நான்.